ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பிறகு முதுகில் சதுரத் தழும்பு: படர்தாமரையா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. இதய ரத்தக் குழாயில் நாள்பட்ட அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள். நாலு மணி நேரம் ஆனது. ஐந்து வாரம் கழித்து முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, கட்டம் போட்டதுபோல் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை. எரிச்சலும் இருக்கிறது. படர்தாமரை என்று களிம்பு தந்தார்கள், கேட்கவில்லை. இது எதனால்?

பதில்: நீங்கள் சொல்லும் வடிவமும் இடமும் எக்ஸ்ரே கதிர்வீச்சால் வந்த தோல் காயத்தை நினைக்க வைக்கின்றன. படர்தாமரை வட்டமாகப் படரும், ஓரத்தில் செதில் இருக்கும். நேர்கோட்டு விளிம்பு அதற்கு வராது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறையான கேத் லேபில் எக்ஸ்ரே குழாய் மேஜைக்கு அடியில் இருப்பதால் கதிர் முதுகு வழியாகத்தான் நுழையும். சிக்கலான அடைப்பில் ஒரே கோணத்தில் நெடுநேரம் எக்ஸ்ரேயில் பார்க்க நேரிடும். பாதிக்கப்படுவது தோலின் அடியில் புதுச் செல்களை உண்டாக்கும் அடுக்கு. மேல்தோல் உதிர்ந்து மாற வாரங்கள் ஆகும் என்பதால் காயமும் தாமதமாகவே தெரியும். அதனாலேயே பலர் சிகிச்சையையும் காயத்தையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. மாநிறத்தவருக்குச் சிவப்பைவிடக் கருமையே எடுப்பாகத் தெரியும்.

சிகிச்சை செய்த மருத்துவமனையில் கதிர்வீச்சு அளவைக் கேட்டு வாங்குங்கள். 'ஏர் கெர்மா' என்று கிரே அல்லது மில்லிகிரேயில் பதிவாகியிருக்கும். 5 கிரேயைத் தாண்டியிருந்தால் தோலைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். 15 கிரேக்கு மேல் போனால், மாதங்கள் கழித்தும் ஆறாத புண் வரலாம். மார்பு எக்ஸ்ரேயில் தோலில் படுவது ஒரு மில்லிகிரேகூட இல்லை. அதற்குப் பயப்பட வேண்டாம்.

கதிர்வீச்சு அளவு எழுதிய அந்தத் தாளோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். தேதியோடு படமெடுத்து வையுங்கள். சொறிய விடாதீர்கள்; ஒத்தடம் வேண்டாம். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: காரணம் தெரியாமல் பயாப்சிக்குத் தோலை வெட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். கதிர்பட்ட தோலில் அந்தச் சின்ன வெட்டே ஆறாமல் பெரிய புண்ணாகிவிடக்கூடும், சர்க்கரை இருப்பவருக்கு இன்னும் ஆபத்து. தோல் உரிந்து நீர் கசிந்தாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்விடுங்கள்.

அடைத்த குழாயைத் திறந்ததில் தவறில்லை, அது அப்பாவின் இதயத்துக்குத் தேவைப்பட்டது. ஸ்டென்டுக்கான மாத்திரைகளை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். மறுபடி ஆஞ்சியோ என்று வந்தால், மேஜையில் படுக்கும் முன்பே இந்த இடத்தைக் காட்டுங்கள். கதிர் அங்கே படாதபடி கோணத்தை மாற்றிக்கொள்வார்கள்.