தும்மல் மாத்திரையும் தூக்கமும்

கேள்வி: தும்மலுக்கு மெடிக்கலில் வாங்கிய சிபிஎம் (குளோர்ஃபெனிரமின்) மாத்திரை போட்டால் அரை நாள் தூங்கி வழிகிறேன். டாக்டர் ஃபெக்ஸோஃபெனடின் எழுதிக் கொடுத்தார், தூக்கமே வரவில்லை. இரண்டும் அலர்ஜி மாத்திரைதானே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேலை ஒன்றுதான். அலர்ஜியில் தும்மலைக் கிளப்புகிற ஹிஸ்டமின் என்ற பொருள் உட்கார வேண்டிய இடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்வது. ஆனால் மூளையில் நம்மை விழித்திருக்க வைக்கிற பொருள்களில் ஹிஸ்டமினும் ஒன்று, அங்கேயும் புகுந்து அதன் இடத்தைப் பிடித்தால் கண் சொக்காமல் என்ன செய்யும்? சிபிஎம் புகுந்துவிடுகிறது, மற்றது புகுவதில்லை.

எப்படி என்றால், ஒவ்வொரு செல்லையும் சுற்றி இரண்டு அடுக்காக ஒரு கொழுப்புப் படலம், மொத்த தடிமனே சுமார் 5 நானோமீட்டர். கொழுப்பில் கரைகிற சின்ன மூலக்கூறு அதில் ஊறி மறுபக்கம் போய்விடும், மின்னூட்டம் உள்ளது தண்ணீரை விட்டு வர மனமில்லாமல் வெளியிலேயே நிற்கும். உடம்பில் பல இடங்களில் ரத்தக்குழாய் செல்களுக்கு நடுவே சந்து இருக்கும், அது வழியாக மருந்து கசியலாம். மூளையில் அந்தச் சந்துகளையும் இறுக்கித் தைத்த மாதிரி அடைத்து வைத்திருக்கிறது. சிபிஎம் கொழுப்பு வழியாகவே நழுவிவிடும். ஃபெக்ஸோஃபெனடினிலோ பிளஸ், மைனஸ் இரண்டுமே உண்டு, தப்பித் தவறி உள்ளே போனாலும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்ப் அதைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். 1976-ல் ஜூலியானோ, லிங் என்ற இருவர் இந்தப் புரதத்தை முதலில் பார்த்தது மூளையில் அல்ல, மருந்துக்கு மசியாத வெள்ளெலி செல்களில்! புற்றுநோய் செல்கள் கீமோ மருந்தை வெளியே கொட்டுவதும் பல நேரம் இதை வைத்துத்தான். அப்புறம், வயிற்றுப்போக்குக்குப் போடுகிற லோபரமைடு உண்மையில் மார்ஃபின் போலவே வேலை செய்கிற மருந்து, வழக்கமான அளவில் போதை ஏறாமல் இருக்க முக்கியக் காரணமும் இதே பம்ப்தான்.

சரி, கொழுப்பில் நுழையத் தயங்குகிற மாத்திரை குடலைத் தாண்டுவது எப்படி? குடல் செல்களில் சுமந்து போகிற புரதங்கள் சில உண்டு, அவை ஏற்றி விடுகின்றன. ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸ் அந்தப் புரதங்களை மறித்துவிடும், மருந்து ரத்தத்தில் சேர்வது நன்றாகவே குறையும். அதனால் தண்ணீரில் விழுங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நடுக்குவாதம். மூளையில் டோபமின் குறைவு என்கிறார்கள், பிறகு ஏன் லெவோடோபா தருகிறார்கள்? டோபமினையே தரலாமே?
- வாசகர், கரூர்

பதில்: தந்தால் மூளைக்குள் போகாது, அதுதான் சிக்கல். லெவோடோபா ஒரு அமினோ அமிலம், மூளைக்கு அமினோ அமிலங்களை ஏற்றிப்போகிற புரதத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே போய் அங்கே டோபமினாக மாறும். ஆனால் முட்டை, பருப்பு, கறி சாப்பிட்டால் வருகிற அமினோ அமிலங்களும் அதே வண்டிக்குத்தான் முண்டியடிக்கும். சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் அப்பாவுக்குச் சரியாகப் பிடிப்பதில்லையா? எத்தனை நிமிடம் முன்னால் போடலாம் என்று அவருடைய நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகப் பருப்பை நிறுத்திவிடாதீர்கள்.