சூடானதும் நின்றுபோகும் பழைய மாருதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வண்டி. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடேறியபின் சிக்னலில் காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது. சில நிமிடம் கழித்துத்தான் மீண்டும் கிளம்புகிறது. சமதளத்தில் சீராக ஓடினாலும், மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கி, உதறிவிட்டுத்தான் ஏறுகிறது. பிளக், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் கிட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா? (கரூர் வாசகர்)

பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் வலு) குறைந்த எஞ்சின் பெரும்பாலும் காலையில் குளிர்ந்திருக்கும்போதே தகராறு செய்யும். உங்கள் வண்டி ஒரே சாவியில் கிளம்புகிறது என்பதே ஹெட்டின் மீது உடனே சந்தேகம் கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. சந்தேகம் தீர வேண்டுமானால் கம்ப்ரஷன் கேஜை வைத்து மூன்று சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான். மூன்றுக்கும் இடையே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டுமே ஹெட்டைப் பற்றிப் பேசலாம்.

மாற்றிய பாகங்களின் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் வண்டி நின்ற அந்த நிமிடத்தில் இல்லாமல் போனது பெட்ரோலா, ஸ்பார்க்கா என்ற ஒரே கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது, கோளாறும் ஒளிந்துகொள்கிறது. ஆகவே மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து வண்டி நிற்கும் வரை ஓட்டுங்கள். நின்றதும் ஓரங்கட்டி, இக்னிஷனை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கையால் இழுக்கச் சொல்லுங்கள். (அருகில் யாரும் புகைபிடிக்கக் கூடாது.) மெல்லிய கம்பிபோலப் பெட்ரோல் பீறிட்டால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறது, குற்றவாளி பம்ப் அல்ல. பீறிடவில்லை என்றால் இதே சோதனையைக் காலையில் குளிர்ந்த எஞ்சினில் செய்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால் மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும், கார்புரேட்டரிலேயே இருக்கும் ஆக்ஸிலேட்டர் பம்பின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம் அல்லது அதன் வழி அடைபட்டிருக்கலாம். மிதித்தவுடன் ஒரு கணம் தயங்குவதற்கு அதுவே போதுமான காரணம். மலிவான கிட்டில் வரும் டயஃப்ரம் புதிதாக இருந்தும் இப்படிக் கெடுவதுண்டு.

காலையில் பீறிட்டு, சூட்டில் மட்டும் வரவில்லை என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அடுத்து, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத்தடுப்புக் கட்டையைப் பழைய பம்போடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பம்புக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகும். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் அடைபட்டாலும் இதே தொல்லைதான்.

ஆனால் பெட்ரோல் பற்றாக்குறை முதலில் வெளிப்படுவது அதிக பெட்ரோல் கேட்கும் நெடுஞ்சாலை வேகத்தில்தான், சொட்டுப் பெட்ரோல் போதுமான ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) அல்ல. உங்கள் வண்டியோ சமதளத்தில் சீராக ஓடிவிட்டு ஐடிலிங்கில் நிற்கிறது. ஆகவே என் சந்தேகம் மூன்று இடங்களில் விழுகிறது: அடைபட்ட ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு துளை), எங்கேனும் ஏர் எடுப்பது (கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே நுழைவது), சூட்டில் தளரும் இக்னிஷன் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் பாகம்). உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் ஒன்றை, கலவை எஞ்சினுக்குள் செல்லும் குழாயான மேனிஃபோல்டில் பொருத்தினால் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை நிலையாகக் காட்டும். தாழ்ந்த இடத்தில் முள் நின்றால் வேக்கம் குழாய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடியுங்கள். எதைக் கிள்ளும்போது எஞ்சின் சத்தம் மாறி ஐடிலிங் நிலைக்கிறதோ அங்கே வெடிப்பு இருக்கலாம். காயிலைச் சோதிக்க, நின்ற உடனே ஓர் உதிரி பிளக்கை வயரில் செருகி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் உறுதியாகப் பதித்து, பெட்ரோல் குழாய்களிலிருந்து தள்ளி வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலமாகப் படீரென்று விழ வேண்டிய பொறி மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தாலோ, விழவே இல்லாவிட்டாலோ, நன்றாக ஓடும் வண்டியின் காயில் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகு புதியது வாங்குங்கள். சில நிமிடம் ஆறியதும் வண்டி கிளம்புவது காயிலுக்கே அதிகம் பொருந்துகிறது.

இன்னொன்று, பலரும் பார்க்க மறப்பது: பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ், அதாவது எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்பப் பொறி விழும் நேரத்தை (டைமிங்கை) முன்தள்ளும் பாகம். அதற்குச் செல்லும் குழாயை கார்புரேட்டர் பக்கத்தில் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் முனையை அடைத்துப் பாருங்கள். உறிஞ்சல் நிற்காமல் தளர்ந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது. டைமிங் எத்தனை முறை வைத்தாலும் பிக்கப் முழுமையாக வராது.

கேள்வி: இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பழைய வண்டிகளைக் கெடுக்கிறதா? (சேலம் வாசகர்)

பதில்: எல்லாப் பழியையும் அதன்மேல் போட முடியாது, ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கு அது உண்மையான பிரச்சினை. 2023இல் அறிமுகமான 20 சதவீதக் கலவைதான் இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைக்கிறது. தூய பெட்ரோலின் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 பங்கே போதும். பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டி அதை ஆக்ஸிஜன் சென்சாரால் உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட்டோ துளை மாறாது என்பதால் கலவை மெலிந்துபோகும். தயக்கமும் ஐடிலிங் தடுமாற்றமும் அதனாலேயே கூடும். ஐடிலிங் மிக்ஸ்சர் ஸ்குரூவைச் சற்றுத் திறந்து சரிசெய்வது ஓரளவு உதவும். தவிர, எத்தனால் டேங்கின் பழைய கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், அந்தக் கால ரப்பர் குழாய்களை உப்பவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். எனவே குழாய்களையும் டயஃப்ரங்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றுங்கள், ஃபில்டரை அடிக்கடி பாருங்கள், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள்.

கேள்வி: 2004 மாடல் இன்ஜெக்ஷன் வண்டிக்கும் இதே சோதனைகள்தானா? (காரைக்குடி வாசகர்)

பதில்: ஸ்பார்க், பெட்ரோல் என்று பிரித்துப் பார்ப்பது அப்படியே பொருந்தும், கருவிகள் மட்டும் மாறும். முதலில் ஸ்கேனர் வைத்துக் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் மட்டும் நின்றால் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கரிபோகச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன. மேட்டில் இழுவை இல்லையென்றால், வண்டி பாரத்தோடு ஓடும்போது பெட்ரோல் அழுத்தத்தை அளக்க வேண்டும். நின்ற நிலையில் அளந்தால் தளர்ந்த பம்பும் நல்ல பம்பாகத் தெரியும்.