தரவரிசையை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள்

திருச்சுழி பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் சேர்த்துவிடச் சொல்கிறார் மைத்துனர். விடுதியோடு இரண்டு ஆண்டுக்கு 7 லட்சம். முன்பணம் 40,000 கட்டியாகிவிட்டது. மீதிக்கு நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார். "தேசியத் தரவரிசையில் முன்னால் இருக்கிறது சார், வேலை நிச்சயம் என்கிறார்கள்" என்று எழுதியவர், கடைசியில் ஒரு விஷயம் சேர்த்திருக்கிறார். மகளுக்கு அதில் மனமில்லை. கல்லூரி நூலகத்தில் புத்தக விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையைத்தான் ஆசையாகச் செய்தாளாம். நூலக அறிவியல் படிக்கிறேன் என்கிறாள், சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் அந்தக் கடனை வாங்காதீர்கள்.

மைத்துனர் காட்டும் தரவரிசை என்.ஐ.ஆர்.எஃப். மத்திய அரசு 2016 முதல் வெளியிடுவது. பல்கலைக்கழகப் பிரிவில் 100க்கு 30 பங்கு ஆராய்ச்சிக்கு. அதில் பெரும்பகுதி, ஆசிரியர்கள் எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு. அந்தக் கணக்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளங்களிலிருந்து வருகிறது. படித்து வெளியேறுவோர் நிலைக்கு 20 பங்கு இருக்கிறதே என்பீர்கள். பொறியியல் பட்டியலில் வேலைவாய்ப்பையும் சம்பளத்தையும் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகப் பட்டியலில் அந்த 20 பங்கு தேர்ச்சிக்கும் பிஎச்.டி. முடித்தவர் எண்ணிக்கைக்கும்தான். உங்கள் மகளுக்கு வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதிலே இல்லை.

பிறகு ஏன் நிர்வாகங்கள் கட்டுரைக்காக இப்படி ஓடுகின்றன? பணம்தான். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் 'பர்ஸ்' ஆராய்ச்சி நிதிக்குக் கட்டுரைகளின் எச்-இண்டெக்ஸ், அதாவது எத்தனை கட்டுரை எவ்வளவு மேற்கோள் பெற்றது என்று காட்டும் எண், பார்க்கிறார்கள். உயர்கல்வி நிறுவனங்களைத் தரம் பிரிக்கும் 'நாக்' அமைப்பின் மதிப்பீட்டில் பல்கலைக்கழகத்துக்கான 1000 புள்ளிகளில் 250 ஆராய்ச்சிப் பிரிவுக்கு. அந்த மதிப்பீட்டில் 4க்கு 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கினால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காமல் புதுப் படிப்புகள் தொடங்கலாம். தனியார் நிறுவனத்துக்குப் புதுப் படிப்பு என்றால் புதுக் கட்டணம். இந்தப் போட்டி எந்த அளவுக்குப் போகிறது என்றால், சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களைத் தேர்வில் கட்டுரை எழுதவைத்து வெளியிட்டு, தன் கட்டுரைகளையே மேற்கோளும் காட்டிக்கொண்டதாக 2023ல் 'சயின்ஸ்' இதழ் எழுதியது. தவறோ மோசடியோ தெரியவந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு என்.ஐ.ஆர்.எஃப். மதிப்பெண் குறைக்கத் தொடங்கியதே 2025ல்தான்.

நல்ல ஆராய்ச்சி நடக்கும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. பிஎச்.டி. சேரப் போகும் பிள்ளைக்கு இதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். முதுகலை வகுப்புக்கு ஆசிரியரின் கட்டுரை எண்ணிக்கையை நம்பி 7 லட்சம் கொடுக்கக் கூடாது.

இப்போது உங்கள் மகள் கேட்பதற்கு வருகிறேன். எம்.பி.ஏ., பி.எட்., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். நூலக அறிவியலைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இன்றைய பல்கலைக்கழக நூலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. மேலே சொன்ன கட்டுரைக் கணக்கு முழுக்க யாரோ ஒருவர் மேசையில் சரிபார்க்கப்பட வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் முதலெழுத்து ஒரு தாளில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். ஸ்கோபஸில் ஒரே பேராசிரியர் மூன்று ஆளாகக் கிடப்பார். பல்கலைக்கழகப் பெயரையே நாலு விதமாக எழுதியிருப்பார்கள். அவற்றை ஒன்றுசேர்ப்பது, ஆசிரியர்களுக்கு ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் வாங்கித் தருவது, போலி ஆய்விதழ்களை இனம் காண்பது, ஆய்வேடுகளைக் கருத்துத்திருட்டுச் சோதனைக்கு உட்படுத்தி சோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது எல்லாம் நூலகரிடம்தான் வருகின்றன. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ஒதுக்கி, சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதை மாணவர்கள் கையில் சேர்க்கவும் ஆள் வேண்டும்.

படிக்கும் இடம்? சென்னைப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன் மூன்றிலும் துறை இருக்கிறது. அவள் முதலில் குறி வைக்க வேண்டியது பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் (டி.ஆர்.டி.சி.). அங்கே நூலக, தகவல் அறிவியலில் இரண்டு ஆண்டு முதுகலை. எந்தப் பட்டம் படித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அந்த மையத்தை 1962ல் தொடங்கியவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போகும்வரை அவர் கணித ஆசிரியர். உங்கள் மகளும் கணிதம் படித்தவள்; மேற்கோள் எண்ணிக்கை ஆய்வுக்கு அது பெரிய பலம்.

படிக்கும்போதே நூலக நிர்வாகத்துக்கான கோஹா, மின்னணுக் களஞ்சியத்துக்கான டிஸ்பேஸ், மேற்கோள் தொடர்புகளைப் படமாகக் காட்டும் வாஸ்வியூவர் என்ற மூன்று மென்பொருள்களையும் பழகட்டும், மூன்றும் இலவசம். பைத்தான் நிரல்மொழியும் கொஞ்சம் தெரிய வேண்டும். அப்புறம் 55 சதவீதத்தோடு முதுகலை, நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சி. அரசு, உதவிபெறும் கல்லூரி நூலகர் பணிக்கு யுஜிசி ஊதியம் உதவிப் பேராசிரியருக்கு உள்ளதுதான், அடிப்படை 57,700. பணியிட அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். தனியார் கல்லூரிகளில் தொடக்கச் சம்பளம் குறைவு. சில ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் காத்திருப்பில் கடன் தவணை இருக்காது. ஏழு லட்சம் கடனோடு, பிடிக்காத படிப்பை முடித்துக் காத்திருப்பதுதான் ஆபத்து. மூன்று ஆண்டு ஒரு வேலையை ஆசையாகச் செய்து பார்த்துவிட்டுக் கேட்கிறாள். இதில் மைத்துனர் சொல்வதைவிட அவள் சொல்வதற்குத்தான் எடை அதிகம்.

கட்டிய முன்பணத்தை இன்றே எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள், மின்னஞ்சலில் ஒரு நகலும் இருக்கட்டும். சேர்க்கைக்குக் கடைசித் தேதி 15 நாளுக்கு அப்பால் இருந்தால், யுஜிசியின் 2018 அறிவிக்கைப்படி அவர்கள் 5 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான். தேதி நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலின் அசலை அங்கே கொடுத்திருந்தால் அதையும் சேர்த்தே கேளுங்கள். அசலை வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.