யோபு நூலை எங்கிருந்து வாசிப்பது?

கேள்வி: 2009இல் மகனை இழந்த அக்காவிடம், "பாவத்தின் பலன்" என்று செபக்கூட்டத்தில் சொல்கிறார்கள். யோபு நூலில் எதை வாசித்துக் காட்டலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: விவிலியத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவிடம் அவருடைய நண்பர்கள் சொன்னதும் இதைத்தான். 42 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். முதலில் 1:8 (1ஆம் அதிகாரம், 8ஆம் வசனம்), யோபு உத்தமன் என்று கடவுளே சொல்கிறார். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று யோபு சொல்லும் 1:21ஓடு பலர் நிறுத்திவிடுவதால்தான் பிழை வருகிறது. 3ஆம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். பிறகு 42:7. நண்பர்கள் பேசியது சரியில்லை என்று கடவுள் கோபிக்கும் இடம் அது. கூட்டத்திலேயே உரத்து வாசியுங்கள். வாய் திறக்குமுன் அந்த நண்பர்கள் நல்லதும் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் யோபுவோடு நிலத்தில் இருந்தார்கள் (2:13). அக்காவுக்கு அழ வேண்டும்போல் இருந்தால் சங்கீதம் 88. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". ஆறுதல் வரி எதையும் ஒட்டாமல் அப்படியே விடுங்கள்.