11-ம் நம்பர் கூண்டு

அன்புள்ள சார்,

நான் சேதராப்பட்டுல ஒரு பேக்கேஜிங் கம்பெனில வேலை பாக்குறேன். வயசு 29. ஆறு மாசம் முன்னாடி டீம் லீடரா போட்டாங்க, எனக்குக் கீழ 14 பேர். போன மாசம் பாண்டில ஒரு ஹோட்டல்ல நடந்த நிகழ்ச்சிக்குக் கம்பெனில இருந்து அனுப்பினாங்க. பெரிய கம்பெனி ஒண்ணுக்குத் தலைவரா இருந்து ரிட்டயர் ஆனவர் வந்து பேசினாரு. காலைல நாலரைக்கு எழுந்திரிக்கணும், மூணு வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல இருக்கக்கூடாது, பிரச்சினையோட வர்றவன் தீர்வையும் கையோட கொண்டுவரணும், நெகட்டிவா பேசுறவங்கள தள்ளி வைக்கணும்னு நிறைய சொன்னாரு. எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வந்தேன். சிலத இப்பவே செய்யவும் ஆரம்பிச்சிட்டேன். எங்க டீம்ல ஒரு அக்கா இருக்காங்க, 11 வருஷமா க்யூசில, அதாவது சரக்கோட தரம் பாக்குற பிரிவுல, இருக்காங்க, எது சொன்னாலும் "இது சரிவராது தம்பி"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அவங்கள காலை மீட்டிங்குக்குக் கூப்பிடுறத நிறுத்திட்டேன். இப்ப மீட்டிங் பத்து நிமிஷத்துல முடியுது.

என் கேள்வி இதுதான். பெங்களூர்ல ஒரு வேலை வந்திருக்கு, சம்பளம் ஒன்றரை மடங்கு. அம்மா இங்க தனியா இருக்காங்க. போகலாமா? நல்ல தலைவனா வர்றதுக்கு என்ன படிக்கணும்?

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்த மூணு நாளா திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருக்கேன். முதல் தடவ படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. 29 வயசுல 14 பேர் பொறுப்ப கையில குடுத்ததும் பயந்துபோய் "இத எப்படிச் செய்யுறது"ன்னு கேக்குற பையன எனக்குப் பிடிக்கும், நிறைய பேருக்கு அந்தப் பயமே வர்றதில்ல. ரெண்டாவது தடவ படிச்சப்ப அந்த அக்கா விஷயத்துல கண்ணு நின்னுடுச்சு. நீங்க அத போற போக்குல நாலு வரில எழுதிட்டுப் போயிட்டீங்க. எனக்கு அதத் தாண்டிப் போக முடியல.

மத்ததையெல்லாம் சீக்கிரமா முடிச்சிடுறேன். நாலரைக்கு எழுந்திரிக்கிறது உங்க உடம்புக்கு ஒத்து வந்தா எழுந்திரிங்க, அதுல தலைமைப் பண்பு ஒண்ணும் கிடையாது. தேவனாம்பட்டினத்துல அதுக்கும் ரெண்டு மணி நேரம் முன்னாடியே எழுந்து படகு தள்ளுறாங்க. மூணு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுறது சம்பளத்துக்கு நல்லது, தொழில் கத்துக்க நல்லதான்னு எனக்குச் சந்தேகம், ஏன்னா நம்ம செஞ்ச தப்பு மூணாவது வருஷம்தான் திரும்பி வந்து முன்னாடி நிக்கும், அதப் பாக்காமலே போயிட்டா என்னத்தக் கத்துக்கிறது. பெங்களூர் பத்தி கடைசியில சொல்றேன்.

"பிரச்சினையோட வராத, தீர்வோட வா." இந்த வாக்கியத்த எந்த மேடையில கேட்டாலும் எனக்கு வயித்தக் கலக்கும். பிளான்ட்ல ஒரு சத்தம் வித்தியாசமா கேக்குதுன்னு சொல்ல வர்ற ஹெல்ப்பருக்குத் தீர்வு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிஞ்சது அந்தச் சத்தம் மட்டும்தான். தீர்வு தெரிஞ்சாதான் வாயத் தொறக்கலாம்னு சொல்லிட்டா அவன் தொறக்கவே மாட்டான், காத மூடிக்கிட்டு ஷிஃப்ட் முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவான். தீர்வு கண்டுபிடிக்கத்தானேய்யா உங்களுக்கு அதிகச் சம்பளம் குடுக்குறாங்க?

நான் எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனில ஷிஃப்ட் இன்சார்ஜா இருந்தேன், கம்பெனி பேர் வேணாம். 1994-ல எனக்கு 27 வயசு, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எனக்குக் கீழ இருந்த ஆபரேட்டர் என்னவிட 15 வயசு பெரியவர், சோனாங்குப்பத்துக்காரர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன், அவர் என்னைய சார்னுவாரு. பம்ப் ஓடுற சத்தத்த வச்சே பேரிங் எத்தன நாள் தாங்கும்னு சொல்லிடுவாரு, எங்க இன்ஜினியர்கள விட அவர் கணக்கு சரியா இருக்கும்.

ஒரு நைட் ஷிஃப்ட், மணி பன்னெண்டர இருக்கும், வந்து நின்னாரு. "சார், ஆசிட் லைன் ஃப்ளேஞ்சுல சொட்டுது, நிறுத்திட்டு கேஸ்கெட் மாத்திடலாம்"னாரு. ஃப்ளேஞ்சுங்கிறது ரெண்டு குழாய் சேர்ற இடம், கேஸ்கெட் அங்க கசியாம அடைச்சு வைக்கிற வளையம். நிறுத்துனா மூணு மணி நேரம் போயிடும், காலைல பேட்ச் முடியாது. எங்க புரொடக்ஷன் மேனேஜர் அந்த மாதிரி நேரத்துல லாக் புக்கத் தூக்கி மூஞ்சில எறியிற ஆளு, அதுக்கு முந்தின வாரம்தான் இன்னொரு ஷிஃப்ட்காரர எல்லார் முன்னாடியும் கேவலமா பேசியிருந்தாரு. நான் டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன், சொட்டு மெதுவாத்தான் விழுந்துச்சு. "ஒரு பக்கெட் வைங்கண்ணே, காலைல பாத்துக்கலாம், சும்மா சும்மா பயமுறுத்தாதீங்க"ன்னேன். லாக் புக்ல ஒரு மணி ரீடிங்குக்கு எதிர நானே என் கையெழுத்துல "நார்மல்"னு எழுதினேன். ரெண்டு மணிக்கும் "நார்மல்". மூணு மணிக்கும் "நார்மல்".

மூணரைக்கு கேஸ்கெட் விட்டுச்சு. 98 பர்சென்ட் சல்ஃப்யூரிக். அந்த நேரத்துல அவர் பக்கெட்ட மாத்துறதுக்காகத்தான் கிட்ட போயிருக்காரு, நான் வைக்கச் சொன்ன பக்கெட்ட. வலது கை முழுசும், கழுத்துல ஒரு பக்கம். சேஃப்டி ஷவருக்குக் கீழ இழுத்துட்டுப் போய் நிறுத்தி, சட்டையக் கிழிச்சு, எவ்வளவு நேரம் தண்ணிய ஊத்துனோம்னு எனக்குத் தெரியல. அவர் கத்தவே இல்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருந்தாரு.

உயிருக்கு ஒண்ணும் ஆகல. நாலு மாசம் கழிச்சு வேலைக்கு வந்தாரு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் என் ஷிஃப்ட்லயே இருந்தாரு, ஒரு தடவகூட அந்த ராத்திரியப் பத்திப் பேசினதில்ல. வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாரு, மீன் கொண்டுவந்து குடுத்தாரு, என் புள்ள பொறந்தப்ப முதல்ல வந்து பாத்ததும் அவர்தான். ஆனா பம்ப் எப்படி ஓடுதுண்ணேன்னு கேட்டா "நார்மல் சார்". ரியாக்டர் எப்படி இருக்குண்ணே? "நார்மல் சார்". அந்தக் காது கெட்டுப்போகல தம்பி, அவருக்கு எல்லாமே கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. எங்கிட்ட சொல்றத நிறுத்திட்டாரு, அவ்வளவுதான். மேனேஜர் கத்துற ஆளுங்கிறது உண்மை, ஆனா அந்த ராத்திரி பிளான்ட்ல மேனேஜர் இல்ல, நான்தான் இருந்தேன்.

இப்ப உங்க பத்து நிமிஷ மீட்டிங்குக்கு வரேன். உங்களுக்குப் பெரிய கம்பெனி உதாரணம்தான் வேணும்னா ஒண்ணு சொல்றேன், நம்ம மறைமலை நகர்ல கார் செஞ்சிட்டு இருந்த அதே ஃபோர்டு. 2006 செப்டம்பர்ல போயிங்ல இருந்து ஆலன் முலாலியக் கூட்டிட்டு வந்து தலைவராக்கினாங்க. அவர் வாராவாரம் வியாழக்கிழமை எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் உக்கார வச்சு ஒரு மீட்டிங் போட்டாரு. ஒவ்வொருத்தரும் தன் வேலை எப்படிப் போகுதுன்னு கலர்ல காட்டணும், ஒழுங்கா போனா பச்ச, ஆபத்துன்னா சிவப்பு, நடுவுல மஞ்சள். ஆரம்பத்துல எல்லாச் சார்ட்டும் பச்சப் பசேல்னு வந்துச்சு. அந்த வருஷம் அந்தக் கம்பெனிக்கு நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல! இவ்வளவு பணம் போயிட்டு இருக்கு, சரியில்லாதது ஒண்ணுகூடவா இல்லன்னு அவர் கேட்டாரு. அப்புறம் ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ்னு ஒருத்தர் சிவப்போட வந்தாரு. கனடாவுல எட்ஜ்னு ஒரு புது வண்டி வெளிய விடணும், பின்கதவுல ஒரு கோளாறு, நிறுத்தி வச்சிருக்கேன்னாரு. ரூம்ல மூச்சுச் சத்தம் இல்ல, இவன் கதை முடிஞ்சதுன்னு மத்தவங்க நினைச்சாங்க. முலாலி கைதட்டினாரு. தட்டிட்டு, இதுல இவருக்கு யாரு உதவ முடியும்னு கேட்டாரு. உடனே எல்லாரும் மாறிடல, அவர நம்புறதுக்கு மத்தவங்களுக்கு இன்னும் சில வாரம் ஆச்சு, அப்புறம்தான் மஞ்சளும் சிவப்பும் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுது. 2014-ல முலாலி போனப்ப அடுத்த தலைவரா வந்தது அந்த ஃபீல்ட்ஸ்தான்.

கைதட்டினதாலதான் ஃபோர்டு பிழைச்சுதுன்னு நான் சொல்லமாட்டேன். 2006 கடைசியிலயே ஃபேக்டரி, நிலம், அந்த நீல லோகோ உட்பட எல்லாத்தையும் அடமானம் வச்சு பெருசா கடன் வாங்கி வச்சிருந்தாங்க, 2009-ல ஜி.எம்.மும் கிறைஸ்லரும் திவாலானப்ப ஃபோர்டு தாக்குப்பிடிச்சதுக்கு அந்தக் காசு பெரிய காரணம். ஆனா எங்க ஓட்டைன்னு தெரியாம எவ்வளவு கடன் வாங்கினாலும் அதே ஓட்டை வழியாத்தானே போகும்?

இன்னொரு உதாரணமும் சொல்றேன். அமெரிக்காவுல ஆல்கோவான்னு ஒரு அலுமினியக் கம்பெனி, அதுல பால் ஓ'நீல்னு ஒருத்தர், 1987-ல தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். 1996-ல பங்குதாரர் கூட்டத்துல ஒரு கன்னியாஸ்திரி எழுந்து நின்னு, மெக்சிகோவுல உங்க ஃபேக்டரில புகை பட்டுத் தொழிலாளிங்களுக்கு உடம்பு கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. விசாரிச்சா உண்மை, ஆனா தலைமை ஆபீசுக்குத் தகவலே வரல. அந்தப் பிரிவோட தலைவர் நல்லா லாபம் காட்டிட்டு இருந்த ஆளு. அவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. விஷயத்தச் சொல்லியிருந்தா மத்த ஃபேக்டரிக்காரங்க கத்துக்கிட்டிருப்பாங்களேங்கிறதுதான் ஓ'நீலோட கோவம்.

கடலூர் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறது உங்களுக்குத் தெரியும், நீங்க பாண்டிக்காரர், உங்க துறைமுகத்துலயும் ஏத்துவாங்க. சென்னை வானிலை மையத்துல இருந்து தகவல் வந்ததும் பகல்ல கூண்டு, ராத்திரின்னா விளக்கு. 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுலதான் கரை ஏறுச்சு, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்தத நீங்களும் பாத்திருப்பீங்க. கூண்டு ஏத்துறவரப் பாத்து, என்னய்யா எப்ப பாத்தாலும் நெகட்டிவாவே ஏத்துறன்னு யாராவது கேட்டிருக்காங்களா? ஆறு மாசமா உங்க லைன்ல கூண்டு ஏத்திட்டு இருந்த ஒரே ஆள் அந்த அக்கா. நீங்க கூண்ட இறக்கிட்டு, வானம் தெளிவா இருக்குன்னு எனக்குக் கடிதம் எழுதுறீங்க.

கூண்டுல பத்தாம் நம்பர்தான் பெருசுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. புயல் துறைமுகத்து மேலயே வருதுன்னா 10. அதுக்கும் மேல 11 ஒண்ணு இருக்கு. வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சு, இனி தகவல் வராதுன்னு அதுக்கு அர்த்தம். தொடர்பு இல்லாமப் போறத அந்த வரிசையில எங்க வச்சிருக்காங்க பாருங்க! அந்த ஆறு வருஷமும் ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் எனக்கு ஏத்தியிருந்தது 11-தான். "நார்மல் சார்"னு எழுதியிருந்துச்சு, அதனால எனக்குத் தெரியல.

அந்த அக்கா சொல்ற எல்லாமே சரியா இருக்கும்னு நான் சொல்லல. பத்துல எட்டு வெறும் பழக்க தோஷமாக்கூட இருக்கலாம். சொல்ற விதமும் எரிச்சலாத்தான் இருக்கும், பதினோரு வருஷம் சொல்லிச் சொல்லி யாரும் கேக்கலன்னா யாருக்குமே குரல் அப்படித்தான் ஆகும். மீதி ரெண்டுக்காக அந்த எட்டையும் உக்காந்து கேக்குறதுதான் உங்க வேலை.

நல்ல தலைவனா வர என்ன படிக்கணும்னு கேட்டீங்க. உங்க க்யூசி ரிஜிஸ்டர எடுத்து அந்த அக்கா கையெழுத்து போட்ட பக்கத்தையெல்லாம் ஆறு மாசம் பின்னாடி வரைக்கும் படிங்க.

திங்கக்கிழமை மீட்டிங்குக்கு அவங்களக் கூப்பிடுங்க. எல்லார் முன்னாடியும் கூப்பிடுங்க, ஏன்னா நிறுத்தினத எல்லாரும் பாத்திருக்காங்க, மத்த 13 பேரும் அதுலருந்து ஒரு பாடம் கத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டாங்க, உங்க மீட்டிங் பத்து நிமிஷத்துல முடியுறது அதனாலதான். கூப்பிட்ட உடனே அவங்க மனசு விட்டுப் பேசிடுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க. "ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் சரியாத்தான் போகுது"ம்பாங்க. அதக் கேட்டு நிம்மதியாயிடாதீங்க. மீட்டிங் முடிஞ்சதும் லைனுக்குப் போய் அவங்க டேபிள்கிட்ட ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து, எந்த இடம் உங்களுக்குப் பயமா இருக்குக்கான்னு கேளுங்க. அன்னிக்குச் சொல்லலன்னா மறுநாளும் போங்க.

பெங்களூருக்குப் போறதும் போகாததும் அம்மாகிட்ட பேசி முடிவு பண்ணுங்க, அதுல நான் சொல்ல என்ன இருக்கு. ஆனா இந்த வேலைய முடிக்காம போகாதீங்க. அக்கா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்