மூன்று வருடம் தாண்டிய பாலிசிக்குக் கிளைம் மறுக்க முடியுமா?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் கணவர் 2020 ஜூனில் 10 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு எடுத்தார். 2025 மார்ச்சில் இறந்துவிட்டார். சர்க்கரை நோயை மறைத்தார் என்று கிளைமை மறுத்துவிட்டார்கள். 20 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?"

வேண்டாம் அம்மா. அவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி போடாத காசோலை கேட்பார், கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பணத்தில் 2 லட்சம் அவருக்கு எதற்கு?

காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவை 2015-ல் நாடாளுமன்றம் திருத்தியது. மூன்று ஆண்டு முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. முன்பெல்லாம் 'மோசடி' என்று சொல்லித் தப்ப வழி இருந்தது. அதையும் அடைத்தாயிற்று. அப்புறமும் இப்படிக் கடிதம் அனுப்புகிறார்கள். பிரீமியம் வாங்கும்போது தேடாத மருத்துவச் சீட்டை, ஆள் போன பிறகு ஊர் ஊராகத் தேடுகிறார்கள்!

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் பிரீமியம் கட்டாமல் பாலிசி லாப்ஸ் (காலாவதி) ஆகிப் புதுப்பித்தாரா? அப்படியென்றால் மூன்று வருடக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி ஓடும். 2023-ல் புதுப்பித்திருந்தால் மூன்று வருடம் ஆகவில்லை. ஆனால் கெடு தாண்டி 30 நாளுக்குள் (மாதத் தவணையென்றால் 15 நாள்) கட்டியது தாமதம்தான், புதுப்பித்தல் அல்ல. ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள், தெரிந்துவிடும். புதுப்பித்திருந்தாலும் கைவிடாதீர்கள். பாலிசியோடு இருக்கும் விண்ணப்பப் படிவ நகலைப் பாருங்கள். நோய் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் ஏஜென்ட் கையெழுத்தில் 'இல்லை, இல்லை' என்று இருக்கும், கீழே கையெழுத்து மட்டும் உங்கள் கணவருடையது. இப்படி எத்தனையோ படிவங்களைப் பார்த்துவிட்டேன். அதையும் மனுவில் சொல்லுங்கள்.

சரி, இப்போது கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு 45-வது பிரிவைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ மறுபடி மறுத்தாலோ, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை அங்கே விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வாதாட அனுமதியும் கிடையாது. 20 சதவீதம் கேட்கும் அந்த ஆள் டைப் அடிக்கப்போவதும் இதே மனுவைத்தான். மறுப்புக் கடிதம் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள், தபால் முத்திரைத் தேதி உதவும்.