சன்மானம் வருகிறது, சம்பளம் வருவதில்லை: கலைஞர்களின் பணக் கேள்விகள்

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்களில் ஓவியர்களும் மேளக்காரர்களும் நடன ஆசிரியைகளும் கல்யாண போட்டோகிராபர்களும் அதிகம். இந்த முறை அவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன், பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும். முக்கால்வாசிக் கேள்விகள் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன: கையில் வந்த தொகை முழுவதையும் வருமானம் என்று நினைத்துக்கொள்வது.

சார், நான் புத்தக அட்டையும் சிறுவர் கதைப் படங்களும் வரைகிறேன். ஒரு மாதம் ஒரு லட்சம் வரும், அடுத்த ரெண்டு மாதம் ஒன்றுமே வராது. பட்ஜெட் போடு என்கிறார்கள், எதை வைத்துப் போடுவது? (கோவை)

பட்ஜெட் அறிவுரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களுக்காக எழுதப்பட்டவை, அதை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கணக்கு வருஷத்தில்தான். பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து, கடந்த 12 மாதத்தில் வேலைக்காக வந்ததை மட்டும் கூட்டுங்கள். 4,80,000 என்று வைத்துக்கொள்வோம், சராசரி 40,000. அதில் மென்பொருள் சந்தா, பேப்பர், கலர், இன்டர்நெட், பெட்ரோல் என்று 8,000 போனால் மிச்சம் 32,000. அதையும் முழுசாக வீட்டுக்கு எடுக்காதீர்கள், 25,000 எடுங்கள். மீதி 7,000 வருஷத்துக்கு 84,000 ஆகிறது, அதாவது வேலையே வராவிட்டாலும் மூன்று மாதச் சம்பளம் கையில் இருக்கும்.

இதற்கு ரெண்டு அக்கவுன்ட் வேண்டும். வரவெல்லாம் ஒன்றில் விழட்டும், ஜிபே அதில் இணைந்திருக்கக் கூடாது. மாதம் 1-ஆம் தேதி அதிலிருந்து இன்னொன்றுக்கு 25,000 உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்களுக்குச் சேமிப்பு ஏது என்று கேட்பீர்கள். அடுத்து பெரிய பேமென்ட் வருகிற மாதத்தில் தொடங்குங்கள், வறண்ட மாதத்தில் தொடங்கினால் ரெண்டு வாரம் தாங்காது. சீட்டில் சேர்ந்து சேமிக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தவணை மாதாமாதம் ஒரே தேதியில் கட்ட வேண்டும், உங்கள் வரவுக்குத் தேதியே கிடையாது. பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஒரு விளம்பரக் கம்பெனி 60,000 தர வேண்டிய இடத்தில் 54,000 போட்டது. டிடிஎஸ் என்கிறார்கள். அந்த 6,000 போனதா? (சென்னை)

போகவில்லை. டிடிஎஸ் என்பது பணம் தருகிறவரே வரியை முன்கூட்டிப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டுவது. உங்கள் பான் எண்ணில் அரசாங்கத்திடம் இருக்கிறது, வருமான வரி இணையதளத்தில் பிடித்த வரியைக் காட்டும் படிவத்தைத் திறந்தால் தெரியும். தெரியவில்லை என்றால் அவர்கள் பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், உடனே கேளுங்கள். பான் கொடுக்காமல் விட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

2025-26 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை. அதனால் "எனக்குத்தான் வரி இல்லையே" என்று ரிட்டர்ன் போடாமலே விடுகிற கலைஞர்கள் ஏராளம். ரிட்டர்ன் போட்டால்தான் பிடித்த பணம் திரும்பும். மூணு நாலு கம்பெனிக்கு வேலை செய்கிறவருக்கு இது வருஷத்துக்கு முப்பது நாற்பதாயிரம்கூட ஆகும், இதை யாராவது விடுவார்களா?

ஐயா, நான் நாதஸ்வரம். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், தாளம் என்று செட்டாகப் போகிறோம். கல்யாண வீட்டார் மொத்தத் தொகையையும் என் அக்கவுன்டில்தான் போடுகிறார்கள். வருஷத்துக்கு 18 லட்சம் காட்டுகிறது, எனக்கு நிற்பது அஞ்சு லட்சம்கூட இல்லை. வரி, ஜிஎஸ்டி நோட்டீஸ் வருமா? (தஞ்சாவூர் அருகே)

2025 ஜூலையில் பெங்களூருவில் சிறு கடைக்காரர்களுக்கு யூபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதிலிருந்து இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. முதலில் ஜிஎஸ்டியை முடித்துவிடுவோம். பாரம்பரிய இசை, நடனம், நாட்டுப்புறக் கலை, நாடகம் இவற்றில் கலைஞர் நடத்தும் நிகழ்ச்சிக்கு, ஒரு நிகழ்ச்சிக்கான தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டாதவரை விலக்கு உண்டு. கல்யாண மேளம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு கம்பெனிக்கு விளம்பர முகமாகப் போய் நின்றால் மட்டும் விலக்கு கிடையாது.

வருமான வரிதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. உங்களுக்கு நிற்பது அஞ்சு லட்சம் என்பதை நீங்கள்தான் காட்டியாக வேண்டும், பேங்க் காட்டாது. தவில்காரர் பங்கு, தாளம் பங்கு, வேன் வாடகை எல்லாம் உங்கள் செலவு. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு நோட்டில் தேதி, ஊர், மொத்தம், யாருக்கு எவ்வளவு என்று எழுதி, பங்கை ஜிபேயில் அனுப்புங்கள். ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்றால் கையெழுத்து வாங்குங்கள், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது செலவாகவே ஏற்கப்படாது. தவில் அண்ணனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சமாக இருக்கும். அவருக்கும் நாளைக்கு வீட்டுக் கடனுக்கு இதே காகிதம்தான் உதவும் என்று சொல்லிக் கேளுங்கள். அப்புறம், வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சினிமாக் கலைஞர்களுக்கும் டாக்டர், வக்கீல் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கும் உள்ள வசதி. மேளத்துக்கு நேராகப் பொருந்தாது, பொருந்தினாலும் 9 லட்சம் லாபம் காட்டியிருப்பீர்கள்.

ஆடியில் நகையை அடகு வைத்துத் தையில் மீட்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கல்யாணம் இல்லாத மாதங்களில் இது நடக்கிறதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். பேங்கில் 50,000-க்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு 2,500 ஆகும். அதே பணத்தை ஊரில் மூணு வட்டிக்கு வாங்கினால் 9,000.

வீட்டில் பரதநாட்டிய வகுப்பு எடுக்கிறேன், 40 பிள்ளைகள். ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா? (மதுரை)

வேண்டாம். தனிநபர் எடுக்கும் கலை வகுப்புக்கு விலக்கு இருக்கிறது. சலங்கை பூஜைக்கும் அரங்கேற்றத்துக்கும் பெற்றோரிடம் வாங்கி மேக்கப்காரருக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கிற பணத்தைப் பீஸோடு சேர்க்காதீர்கள், தனிச் சிட்டை போடுங்கள்.

ஒரு நிறுவனம் 80,000 பாக்கி வைத்து ஐந்து மாதம் ஆகிறது. போன் எடுப்பதில்லை. (திருச்சி, அனிமேஷன்)

உங்களுக்கு வேலை கொடுத்தவரைத்தானே கூப்பிடுகிறீர்கள்? பணம் அவர் கையில் இல்லை. அக்கவுன்ட்ஸ் பிரிவின் ஈமெயில் முகவரியைக் கேட்டு வாங்கி, பில் எண், தேதி, தொகையோடு மறுபடி அனுப்புங்கள், கெஞ்சலும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

அடுத்த வேலைக்கு முன்னால் உத்யம் (சிறு, குறுந்தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்துவிடுங்கள், ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. அதோடு, கெடு தாண்டி மார்ச் 31 வரை தராத தொகையை அந்த வருஷச் செலவாக அவர்கள் எழுத முடியாது, அதனால் மார்ச்சில் அவர்கள் ஆடிட்டரே உங்களைத் தேடுவார். பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள், அந்த ஒரு வரிக்கே சில இடங்களில் பணம் சீக்கிரம் வருகிறது. பழைய 80,000-க்கு இது உதவுவது கஷ்டம், பதிவு வேலைக்கு முன்பே இருக்க வேண்டும் என்பார்கள். இனிமேல் பாதித் தொகை அட்வான்ஸ் வராமல் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்.

ஒரு மசாலா கம்பெனிக்குப் படம் வரைய 5,000 தருகிறார்கள், "முழு உரிமையும் எங்களுக்கு" என்கிறார்கள். இது சரியா? மேடத்தைக் கேட்கச் சொன்னார் என் நண்பர். (சிவகாசி)

மேடம் இல்லை, சார்தான், பரவாயில்லை. 5,000 ரூபாய் படத்துக்கா, படம் எல்லா பாக்கெட்டிலும் பஸ்ஸிலும் போர்டிலும் காலம் முழுக்க இருப்பதற்கா? நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். அதனால் பேச வேண்டியதை வரைவதற்கு முன்பே பேசி எழுத்தில் வாங்குங்கள். உரிமை உங்களுடையது, பாக்கெட்டுக்கு மட்டும், ரெண்டு வருஷம், தமிழ்நாட்டுக்குள் என்றால் 5,000 சரி. எல்லாம் வேண்டும் என்றால் அதற்கு வேறு விலை சொல்லுங்கள்.

கணவர் சிற்பி, நல்ல வருமானம். வீட்டுக் கடன் கேட்டால் பேங்கில் கையை விரிக்கிறார்கள். (மாமல்லபுரம்)

ரிட்டர்ன் போட்டிருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, போட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். சொந்தத் தொழில் செய்கிறவரிடம் பேங்க் பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷ ரிட்டர்ன் கேட்கும். வரி வராவிட்டாலும் இந்த வருஷத்திலிருந்து போடச் சொல்லுங்கள், சிலை விற்ற பணத்தை ரொக்கமாக வாங்கி பீரோவில் வைக்காமல் பேங்கில் போடச் சொல்லுங்கள். கடன் வாங்குவதற்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டலாம் என்று ஒரு ஏஜென்ட் வருவார், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.